ஸ்டூலும் நாற்காலியும்

ஆம்பூர்ப் பக்கம் எந்த ஷூ கம்பெனிக்குள் போனாலும் ஷூவின் மேல்பாகம் தைக்கும் குளோசிங் ஹால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் பின்னால் முதுகு சாய்க்க இடமில்லாத ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்திருப்பது பெண். வரிசைக்கு நடுவே கையில் அட்டையும் பேப்பருமாக நடந்துகொண்டிருப்பது பெரும்பாலும் ஆண். யாரும் எழுதி ஒட்டாத சட்டம் இது. உட்கார்ந்தவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். நடப்பவர் குனிந்து பார்த்தால் போதும். தினம் எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே போனால் கழுத்துக்கே அந்தக் கோணம் பழகிப்போகும்.

பெண் தலைமை, தன்னம்பிக்கை, தன்னைப் பற்றிய நல்லெண்ணம் என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருகிறது.

லைனில் ஆண் சூப்பர்வைசர் சேர்ந்த முதல் நாளே ‘சார்’ ஆகிவிடுகிறார். வயது இருபத்திரண்டு இருக்கலாம். டிப்ளமோ முடித்த கையோடு வந்திருக்கலாம். தோல் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மிஷினில் கை வைத்தே பார்த்திராதவராகக்கூட இருக்கலாம். பெண் சூப்பர்வைசர் என்றால் ‘அக்கா’. முஸ்லிம் பெண்கள் நிறைந்த லைனில் ‘ஆபா’. ‘மேடம்’ ஆக வேண்டுமென்றால் ஏசி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அக்கா என்ற அழைப்பில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சார் கத்தினால் “இன்னிக்கு சார் கோவமா இருக்காரு” என்று கை வேகமெடுக்கிறது. அக்கா கத்தினால் “என்னக்கா, நீங்களே இப்படிப் பேசறீங்க” என்று முகம் சுருங்குகிறது. அதட்டினால் உறவு கெடும், உறவைப் பார்த்தால் டார்கெட் கெடும். இந்த இக்கட்டு சாருக்குக் கிடையாது.

பல வருஷம் மிஷினில் உட்கார்ந்த கைகாரப் பெண்ணைக் கூப்பிட்டு, “சூப்பர்வைசரா போறியாம்மா?” என்று கேட்டால் வரும் பதில் இந்த வட்டாரம் முழுக்க ஒன்றுதான்: “எனக்கெதுக்கு சார் அந்த வம்பு.” நிர்வாகம் இதைக் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறது. பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை. உடனே சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பயிற்சியாளர் வருகிறார். கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று தினம் ஐந்து முறை சொல்லச் சொல்கிறார். கைதட்டல், குரூப் போட்டோ, சமோசா, டீ. மறுநாள் காலை அதே ஸ்டூல்.

எனக்கு அந்தப் பயிற்சியாளர்கள்மீது கோபமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நோட்டீஸில் நோயின் பெயரே தப்பாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

குளோசிங் வேலை என்ன என்று தெரிந்தால் இது புரியும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெலிசாக்கி, பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து அப்பராக்க வேண்டும். சீவுவதில் இருக்கிறது சூட்சுமம். கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால் மடிப்பில் பிய்ந்துகொள்ளும். கொஞ்சம் குறைவாகச் சீவினால் தையல் தடித்துத் துருத்தும், போட்டவர் காலைக் கடிக்கும். தோல், துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப் பகுதித் தோல் ஒரு கனம், வயிற்றுப் பகுதித் தோல் வேறு கனம். ஆட்டுத்தோல் ஒரு குணம், மாட்டுத்தோல் வேறு குணம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, “இந்த பண்டல் சரியில்ல, கனமா இருக்கு” என்று சொல்லும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். எந்தக் கருவியும் கையில் இல்லாமல் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கா தன்னம்பிக்கை இல்லை? வேலையில் அவளுக்கு இருக்கும் உறுதி எந்த மேனேஜருக்கும் குறைந்ததில்லை. வெளிநாட்டு பையரின் குவாலிட்டி ஆள் வந்து அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது பதில் சொல்ல நிற்பவர் சார். விரலுக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்ல வாய்க்கு இடம் கொடுக்கப்படவில்லை. இதைத்தான் நாம் கூச்சம் என்று பெயர் வைத்து அழைக்கிறோம்.

“எனக்கெதுக்கு வம்பு” என்பதற்குள் ஒரு கச்சிதமான கணக்கும் இருக்கிறது. கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிவிடும். பேரணாம்பட்டுக்கும் மாதனூருக்கும் நாட்றம்பள்ளிக்கும் அதை விட்டால் வேறு பஸ் பிடித்துப் போக வேண்டும். சூப்பர்வைசரோ அன்றைய கடைசி ஜோடி லைனை விட்டுப் போகும்வரை நிற்க வேண்டும். அப்புறம் கணக்கு எழுத வேண்டும், நாளைய மெட்டீரியலைப் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு வீடு போனால் கேள்வி கேட்க மாமியார், புருஷன், எதிர்வீட்டுக்காரர் என்று வரிசையாக ஆள் உண்டு. சம்பளம் கூடும், ஆனால் மேலேயிருந்து வரும் திட்டும் கீழேயிருந்து வரும் முணுமுணுப்பும் அதைவிட வேகமாகக் கூடும். இதையெல்லாம் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துத்தான் அவள் வேண்டாம் என்கிறாள். அவளிடம் போய் “உன்னை நீயே நம்பு” என்பது பஸ் டைமிங்கை மாற்றாமல் தப்பிக்கிற வழி.

தோல் தொழில் இந்தப் பக்கம் ஆண்களின் தொழிலாகத்தான் தொடங்கியது. பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் ஊர்களில் டேனரிக்கு ‘தோல் ஷாப்பு’ என்று பெயர். முதல் போட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் ஆண்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறிப் போனது. பிறகு குரோமியம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. தோலாக அனுப்பாதே, பொருளாக்கி அனுப்பு என்பது உத்தரவின் சாரம். முதலில் அப்பர், பின்னர் முழு ஷூ என்று கம்பெனிகள் முளைத்தன. குழிக்குத் தோள்பலம் தேவைப்பட்டது. மிஷினுக்கு விரல் தேவைப்பட்டது. பெண்கள் உள்ளே வந்தது அப்படித்தான். மனமாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை.

இன்னொரு பக்கம் பாலாறு. கழிவு நீரால் கிணறும் நிலமும் கெட்டுப்போன கதை உச்ச நீதிமன்றம்வரை போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இந்தியாவில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. வயல் கைவிட்டுப்போன ஊர்களில் களை எடுத்துக்கொண்டிருந்த கைகளும் கம்பெனி பஸ் ஏறின. ஒரே தொழில், ஒரு கையால் நிலத்தை எடுத்துக்கொண்டு மறு கையால் வேலையைக் கொடுத்தது.

இன்று இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019-20 தொழிற்சாலைகள் ஆண்டாய்வு தரும் கணக்கு இது. 2022 ஆகஸ்டில் மாநில அரசு காலணி மற்றும் தோல் பொருள்களுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் பேருக்கு வேலை என்பது அதன் இலக்கு. அந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களுக்குத்தான் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனை பேர் ஸ்டூலில், எத்தனை பேர் நாற்காலியில் என்பதுதான் கேள்வி.

ஷூ கம்பெனி வேலை ஒரு பெண்ணுக்குத் தன்னைப் பற்றிய எண்ணத்தை மாற்றவில்லையா என்றால், மாற்றியிருக்கிறது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சேலைக்குமேல், துப்பட்டாவுக்குமேல், புர்காவுக்குமேல் அது தொங்கும். அதில் போட்டோ, பெயர், பிரிவு, நம்பர். அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில், வாசனையை வைத்தே பஸ்ஸில் பக்கத்தில் உட்காரத் தயங்கிய ஊர் இது. மகளுக்கு வாசனை கிடையாது. கார்டு இருக்கிறது, பேங்கில் சம்பளம் ஏறுகிறது, பிஎஃப் நம்பர் இருக்கிறது. சீட்டு கட்டுகிறாள், தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டுகிறாள். அதே சமயம் கல்யாணப் பேச்சு வரும்போது “ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களும் உண்டு. பெருமையும் சிறுமையும் ஒரே கார்டில் தொங்குகின்றன.

கார்டுகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக அப்பர் தைக்கும் பெண்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துப்போவார். பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பிரிட்டனில் 40 முதல் 100 பவுண்டுவரை விற்கும் ஷூவுக்கு ஒரு ஜோடி தைத்தால் இவர்களுக்குக் கிடைப்பது 10 பென்ஸுக்கும் குறைவு என்று கணக்கிட்டது. பெண் தலைமை பற்றிப் பேச வருபவர்கள் யாரும் இந்த வாசற்படிவரை வருவதில்லை. இங்கே ஸ்டூலும் கிடையாது.

சரி, யோசித்துத் தயங்கும் ஒரு பெண்ணை உண்மையிலேயே சூப்பர்வைசராக உட்காரவைத்தால் என்ன ஆகும்? நம் ஊரை மாதிரியே இருக்கிற இன்னோர் இடத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு நடந்த காலத்தில் வங்கதேசத்தின் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிகளில் தைப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்களாக இருந்தார்கள். சூப்பர்வைசர்களில் பெண்கள் இருபதில் ஒருவர் அளவே. ரோக்கோ மாக்கியவெல்லோ, கிறிஸ்டோஃபர் வுட்ரஃப் முதலான பொருளாதார அறிஞர்கள் ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்து லைன்களில் விட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் லைனில் இருந்தவர்கள், பெண் சூப்பர்வைசர்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். லைனின் வேலையும் அதற்கேற்பக் கொஞ்சம் தொய்ந்தது. ஏறக்குறைய நான்கு மாதம் போனது. மதிப்பீட்டில் இருந்த வித்தியாசமும் வேலையில் இருந்த வித்தியாசமும் மறைந்துவிட்டன.

அந்த நான்கு மாதத்தில் நடந்தது என்ன? அந்தப் பெண்கள் நின்றார்கள், மற்றவர்கள் பார்த்தார்கள், பழகிவிட்டது. நம் ஊரில் பெரும்பாலும் அந்த நான்கு மாதத்தைக் கொடுப்பதில்லை. மூன்றாவது வாரம் டார்கெட் குறைந்ததும் “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று ஒருவர் சொல்வார். பெண்ணைப் பழைய மிஷினுக்கே அனுப்பிவிடுவார்கள். அவளும் அதற்கப்புறம் சாகும்வரை தன்னால் முடியாது என்றே நம்புவாள்.

தைரியம் முதலில் வர வேண்டும், பதவி பின்னால் வரும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடப்பதைப் பார்த்தால் வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது. பக்கத்து வேலூருக்கு இது புதிதும் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் கதை இந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் பெண் மருத்துவர் கேட்டு வந்து கதவைத் தட்டி, ஆண் மருத்துவரை மறுத்துத் திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்துபோனதைப் பார்த்து டாக்டரானவர். 1900இல் வேலூர் வந்தவர். இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது 1918. பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க அவர் அனுமதி கேட்டபோது, சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன், ஒரு சிலர் விண்ணப்பித்தால் அதுவே பெரிது என்ற தோரணையில் பேசினார். விண்ணப்பம் வந்தது 151. அந்த ஆகஸ்டில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்கள் ஒருவர் விடாமல் தேறினார்கள் என்று மருத்துவமனையின் வரலாறு சொல்கிறது.

இந்த 151 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பள்ளி இல்லாதவரை அவர்களும் கர்னலின் கணக்கில் ‘முன்வராத பெண்கள்’தான். கதவு வைத்ததும் வரிசை கட்டி நின்றார்கள். ஐடா அமெரிக்க அம்மையார் என்பதால்தான் கவர்னர் மாளிகைவரை குரல் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ராணிப்பேட்டையில் பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி அதே கோரிக்கையோடு போயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஐடா தன்னோடு கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 1947இல் ஆண் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, ‘பையன்களையும் சேர்க்கலாமா’ என்று பெண்கள் யோசிக்கும் நிலைமை வேலூரில் இருந்தது. இந்தியாவில் வேறெங்கே அப்படி இருந்தது?

அதே வளாகத்தின் இன்னொரு கதை மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்திலிருந்து படிக்க வந்த இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் கார் விபத்து. முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. கண்ணாடியைப் பார்த்து “என்னால் முடியும்” என்று சொல்லச் சொன்னால் அவர் எந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்? அவருடைய ஆசிரியர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையில் அப்போது உலக அளவில் பேர் வாங்கியவர். அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு வேலையைச் சொன்னார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், வா. மேரி சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போனார். தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பின்பு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். இந்தியாவில் அந்தத் துறைக்கு அவர்தான் முன்னோடி. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தார்கள். 1972இல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டு வந்து சேரும் நோயாளி, தன்னைவிட மோசமாக அடிபட்டவரே தனக்கு டாக்டராகச் சக்கர நாற்காலியில் வருவதைப் பார்க்கும்போது அவனுக்கு வேறு யாரும் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மேரிக்கு முதலில் கொடுக்கப்பட்டது கத்தியும், அதைப் பிடிக்கிற உரிமையும். மனசு அதற்குப் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது.

பதவி வந்தும் நாற்காலி வராத கதைகளும் நம்மிடம் ஏராளம். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1996 தேர்தலில் தொடங்கியது. 2016இல் சட்டம் அதைப் பாதியாக்கியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஆம்பூரை அடுத்த மலைமேல் இருக்கும் நாயக்கனேரி ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. மனுத்தாக்கல் செய்த ஒரே பெண் போட்டியின்றித் தேர்வானார். பதவி ஏற்க முடியவில்லை. கோர்ட், தடை, வாய்தா என்று வருஷங்கள் ஓடின. கீழே ஆம்பூரில் ஆயிரக்கணக்கான பெண்களை நம்பி உலக பிராண்டுகளின் ஷூ தயாராகிறது. மேலே மலையில் ஒரு பெண்ணுக்கு ஒரு மர நாற்காலியைத் தர முடியவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த போட்டோ வெளியாகி நாடே பார்த்தது. நாற்காலி வெறும் அடையாளம்தானே என்று சொல்பவர்கள் ஒரு நாள் தரையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிப் பார்க்கட்டும்.

ஊராட்சித் தலைவரான பெண்களிடம் பேசினால் அவர்கள் முதலில் சொல்வது செக்கைப் பற்றித்தான். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் செக்கில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். புருஷனோ மைத்துனரோ ‘இங்க போடு’ என்று விரல் வைத்துக் காட்டுவார். பத்தாவது செக்கில் “எதுக்கு இவ்வளவு?” என்று ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி வந்த நாளில் தலைவர் பிறக்கிறார். பத்தாவது செக்குக்கு முன்னாலேயே அவரை ‘பினாமி’ என்று எழுதி முடித்துவிடுகிற பத்திரிகைக்காரர்களில் நானும் ஒருவன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கேட்கிற காதும் மாற வேண்டும். மேற்கு வங்கத்தில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்து ஆண்களிடம் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலில் பேசியவரைத் திறமை குறைந்தவர் என்றார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்துபோன ஊர்களில் அந்த வித்தியாசம் இல்லை. பேச்சு ஒன்றே, ஒரு வரிகூட மாறவில்லை. குரல் தணிந்து பேசுகிறாள் என்று பெண்ணுக்குக் குறை சொல்கிறோமே, உயர்த்திப் பேசினாலும் காதில் குறைவாகத்தான் விழுகிறது.

வாணியம்பாடி நகராட்சித் தலைவராக இருந்த நிலோபர் கபில் 2016இல் சட்டமன்ற உறுப்பினராகி மாநிலத்தின் தொழிலாளர் நலத் துறை அமைச்சரானார். தோல் ஊரின் முஸ்லிம் பெண் ஒருவர், தோல் ஊரின் தொழிலாளர்களுக்கும் சேர்த்து அமைச்சர். அவருடைய அரசியல் பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு பேச்சு. அந்த ஐந்து வருஷம் வாணியம்பாடியில் வளர்ந்த சிறுமிகளுக்கு, அமைச்சர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு முகத்தை வைத்துப் பார்க்க முடிந்தது. 2019இல் ராணிப்பேட்டை புது மாவட்டமானபோது முதல் கலெக்டராக வந்தவரும் பெண்தான், திவ்யதர்ஷினி. வேலூர் மேயர் நாற்காலியில் 2022இல் அமர்ந்தவர் சுஜாதா ஆனந்தகுமார். மேலே இவ்வளவு மாறியும் குளோசிங் ஹாலில் நடப்பவர் நடந்துகொண்டும் உட்கார்ந்தவள் உட்கார்ந்துகொண்டும் இருப்பதுதான் விசித்திரம்.

சட்டம் இந்த ஹாலுக்குள் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும் என்கிறது. குழுவில் பாதியாவது பெண்கள். தலைவராக, உயர் பொறுப்பில் இருக்கும் பெண் ஊழியர். இந்த ‘உயர் பொறுப்பில் இருக்கும் பெண்’ என்ற நிபந்தனை வந்ததும் சில கம்பெனிகள் தேட ஆரம்பிக்கின்றன. நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அந்தத் தகுதிக்கு ஒருவர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்ணின் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். லைனில் தோளைத் தொட்டுப் பேசும் ‘சார்’மீது புகார் சொல்ல ஒரு பெண் அந்த டைப்பிஸ்ட்டிடம் போவாளா? சூப்பர்வைசர், அசிஸ்டென்ட் மேனேஜர், மேனேஜர் என்று பெண்களை ஏற்றாமல் விட்டதன் விலை இந்த இடத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிய வித்தை எதுவும் இல்லை. சூப்பர்வைசர்களுக்குத் தாமதமாகக் கிளம்பும் ஒரு வண்டி. லைன் கணக்கையும் கம்ப்யூட்டரையும் வேலை நேரத்திலேயே கற்றுத் தருவது. பையரின் ஆள் வரும்போது அப்பரைத் தைத்தவளே எழுந்து நின்று பதில் சொல்ல ஒரு வாய்ப்பு. முக்கியமாக நான்கு மாதம். அதற்குள் யாரும் ‘நான்தான் சொன்னேனே’ சொல்லக் கூடாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கம்பெனி பெயரும் அவர் பெயரும் வேண்டாம். ஸ்கைவிங்கில் பதினாறு வருஷம். சூப்பர்வைசராகிறாயா என்று இரண்டு முறை கேட்டபோதும் எனக்கெதுக்கு வம்பு என்று சொன்னவர். ஒருமுறை லைன் சாருக்கு டெங்கு காய்ச்சல் வந்து லீவு போட்டுவிட்டார். ஆள் இல்லை, “ஒரு வாரம் பாத்துக்கோம்மா” என்று அட்டையையும் பேனாவையும் கையில் திணித்துவிட்டார்கள். சம்மதம் கேட்கவில்லை. அதனால் மறுக்கவும் வழியில்லை. முதல் இரண்டு நாள் மணிக்கு மணி போர்டில் எழுத வேண்டிய எண்ணிக்கையை, எழுத்து கோணலாக வருகிறதே என்று பக்கத்து லைன் பெண்ணைக் கூப்பிட்டு எழுதவைத்தார். மூன்றாம் நாள் கட்டிங்கிலிருந்து கனமான தோல் பண்டல் வந்தது. விரலால் தடவிப் பார்த்தார். முன்பெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்துவிட்டு அப்படியே சீவியிருப்பார். அன்றைக்கு பண்டலைத் தூக்கிக்கொண்டு நேராகக் கட்டிங் மேனேஜர் மேஜைக்குப் போய் வைத்துவிட்டு, “இது என் லைனுக்கு வராது” என்றாராம்.

‘என் லைன்’ என்று சொன்னது தனக்கே வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது என்று அவர் சொல்லிச் சிரித்தார். சார் குணமாகி வந்ததும் வேறு லைனுக்குப் போய்விட்டார். அக்கா அங்கேயே நிற்கிறார். இப்போது போர்டில் அவர் கையெழுத்துதான்; கோணல் அப்படியேதான் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு மகனின் டூவீலரில் வருகிறார்.

போன மாதம் காலையில் ரோட்டில் பார்த்தபோது கழுத்தில் புது ஐடி கார்டு தொங்கியது. போட்டோகூடப் புதிது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயருக்குக் கீழே இன்னும் ‘ஆபரேட்டர்’ என்றுதான் அச்சடித்திருந்தது. கேட்டால், “மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். குடுக்கலன்னா திங்கக்கெழம மறுபடி போய் நிப்பேன்” என்றார்.